மணியும் மறுமணியும்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை 292 கிலோமீற்றர் தூரம் ஏறியும் இறங்கியும் வளைந்தும் சென்று பதுளையில் முடிவடைகின்றது. 1885ஆம் ஆண்டில் நானு ஓயாவை எட்டிய அப்பாதை, 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளை நகருக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். அதுவரை பதுளைப் பகுதித் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் வீதி வழியாகவே மேடேறிப் புகையிரதத்தை அடைய வேண்டியிருந்தது.

இது ஒற்றைப் பாதை. பதுளையிலிருந்து மேலேறும் வண்டியும் ஹாலி எலயிலிருந்து கீழிறங்கும் வண்டியும் ஒரே தண்டவாளத்தின் மீதுதான் ஓடவேண்டும். இடையிலே குன்றும் வளைவும் மறைப்பதால் ஒரு நிலையத்தில் நிற்பவர் மற்ற நிலையத்தைக் காண இயலாது. ஆகவே பதுளை நிலைய அதிபர் வண்டியை அனுப்புமுன் ஒரு வினாவைக் கேட்டாக வேண்டும். கருவியின் விசையை அவர் ஒருமுறை அழுத்துகிறார்; ஹாலி எலயில் மணி ஒருமுறை ஒலிக்கிறது. அங்கிருப்பவர் தமது விசையை ஒருமுறை அழுத்துகிறார். பதுளையில் மணி ஒருமுறை ஒலிக்கிறது. ‘இருக்கிறீரா?’ ‘இருக்கிறேன்.’ வண்டியைப் பற்றிய பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான்.

கணினிகளின் உலகிலும் இதே வினாவைக் கேட்பதற்கென்று ஒரு சிறு கட்டளை உண்டு. ‘பிங்’ என்பது அதன் பெயர். கணினித் திரையில் அச்சொல்லையும், அதன் பக்கத்தில் தொலைவிலுள்ள மற்றொரு கணினியின் பெயரையோ எண்முகவரியையோ எழுதிவிட்டால், ‘இருக்கிறீரா?’ என்னும் வினா வலையமைப்பின் வழியே புறப்பட்டுச் செல்லும். மறுமொழி வந்தால், அது வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பது திரையிலே தோன்றும். இக்கட்டளை தோன்றியது 1983ஆம் ஆண்டிலேதான் என்றாலும், அதன் கருத்து மிகப் பழையது. அதனை நன்கு விளங்கிக்கொள்ள முதலில் புகையிரத மணியின் வரலாற்றையே நோக்குதல் தகும்.

1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி இரவு, இங்கிலாந்தில் நோர்விச் நகரை அடுத்த தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் மாண்டனர். அங்கே தந்தி இல்லாமற் போகவில்லை. தந்தி இருந்தது, அது நன்றாக வேலையும் செய்தது. அஞ்சல் வண்டியை வரவிடலாம் என்று ஒரு முனையிலிருந்து தந்தி சென்றுவிட்டது. அதே முனையிலிருந்து விரைவு வண்டியும் எதிர்த்திசையில் அனுப்பப்பட்டுவிட்டது. பிழை தெரிந்தவுடன், அஞ்சல் வண்டியை நிறுத்துமாறு மற்றொரு தந்தி பறந்தது. வண்டி புறப்பட்டுவிட்டது என்று மறுமொழி வந்தது. செய்தி போனது, பதிலும் வந்தது. ஆயினும் இரு வண்டிகளையும் தடுத்து நிறுத்த ஒருவராலும் முடியவில்லை.

இவ்விபத்தின் பின்னர் எட்வர்ட் டையர் என்பவர் ஒரு கருவியை அமைத்து 1878இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் அக்கருவி ஒவ்வொன்று இருக்கும். அதனுள்ளே ‘டேப்லட்’ எனப்படும் வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். தகட்டைக் கையிற் பெறாத ஓட்டுநர் வண்டியை நகர்த்தலாகாது. ஆனால் பதுளையிலிருப்பவர் தாமாகவே ஒரு தகட்டை எடுத்துவிட முடியாது. ஹாலி எலயிலிருப்பவர் தமது கருவியை இயக்கி இசைவு தந்தாற்றான் பதுளைக் கருவி தகட்டை வெளிவிடும். ஒரு தகடு வெளியே வந்துவிட்டாலோ, அது ஏதாவதொரு முனையிலுள்ள கருவிக்குள் மீண்டும் இடப்படும் வரையில் இரு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். மலைநாட்டுப் பாதையிலே, பெரிய வளையத்தில் கோத்த தகட்டை ஓட்டுநரும் நிலைய ஊழியரும் கைமாற்றிக்கொள்ளும் காட்சியைப் பயணம் செய்தோர் பலர் கண்டிருப்பர். வேடிக்கையாகத் தோன்றும் அவ்வளையத்தின் பின்னே தோர்ப் விபத்தில் மாண்டவர்களின் கதை இருக்கிறது.

டையரின் கருவியிலே இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. மணி, எதிர்முனையில் ஆள் இருப்பதை அறிவிக்கிறது. தகடு, அந்த ஆள் இசைந்துவிட்டார் என்பதை உறுதிப்படுத்துகிறது. முன்னது வேறு, பின்னது வேறு.

இனிக் கணினிக்கு வருவோம். அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு 1983ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, இன்றைய இணையத்துக்கு அடிப்படையான விதிமுறைகளுக்கு மாறியது. அவ்விதிமுறைகளுள் ஒன்றை ஜோன் போஸ்டல் 1981ஆம் ஆண்டு செப்டெம்பரில் எழுதி வெளியிட்டிருந்தார். ஒரு கணினி ‘எதிரொலி வேண்டுகோள்’ என்னும் சிறு பொதியை அனுப்பினால், அதைப் பெறும் கணினி, உள்ளே இருந்த தரவை மாற்றாமல் அப்படியே ‘எதிரொலி மறுமொழி’யாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதிற் கூறப்பட்ட ஒரு விதி. மணி ஒருமுறை ஒலித்தால் ஒருமுறை திருப்பி ஒலிக்க வேண்டும் என்னும் புகையிரத விதியும் இதுவே.

விதி இருந்தது, அதை எளிதிற் பயன்படுத்தும் கருவி யூனிக்ஸ் கணினிகளில் இல்லை. மேரிலாந்து மாநிலத்தில் அமெரிக்கத் தரைப்படைக்குரிய எறிபடை ஆராய்ச்சிக்கூடத்திற் பணியாற்றிய மைக் மூஸ், 1983 ஜூலையில் நோர்வேயில் நடந்த ஒரு கூட்டத்துக்குச் சென்றிருந்தார். எதிரொலிப் பொதிகளைக் கொண்டு வழியின் தாமதத்தைத் தாம் அளந்த விதத்தை டேவ் மில்ஸ் என்னும் அறிஞர் அங்கே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதே ஆண்டு டிசெம்பரில், மூஸின் ஆராய்ச்சிக்கூட வலையமைப்பு ஒருநாள் விசித்திரமாக நடந்துகொண்டது. மில்ஸ் சொன்னது மூஸுக்கு நினைவு வர, உட்கார்ந்து நிரலை எழுதினார். எழுதியது ஓடவில்லை, அதற்கு வேண்டிய ஆதரவு யூனிக்ஸின் கருப்பகுதியில் இல்லை. சினங்கொண்ட அவர், கருப்பகுதியிலும் கைவைத்துத் திருத்தி, பொழுது விடிவதற்குள் எல்லாவற்றையும் ஓடச் செய்தார். ஆனால் முதற் பொதி புறப்படுமுன்பே, உடன் பணியாற்றியவர் பழுதான கருவியைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்! எந்தப் பழுதுக்காக ‘பிங்’ பிறந்ததோ, அந்தப் பழுதை அது காணவே இல்லை. இத்துணைப் புகழ் பெறும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உழைத்திருப்பேன் என்ற பொருளில் மூஸ் பின்னாளில் எழுதினார். 2000ஆம் ஆண்டு நவம்பரில் அவர் வீதி விபத்தொன்றில் இறந்தார்.

கடலுக்கடியில் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார்க் கருவியின் ஓசையிலிருந்தே இப்பெயரைத் தாம் இட்டதாக மூஸ் கூறியிருக்கிறார். பெயர் இனிமையானது, ஆனால் உவமை முற்றும் பொருந்துவதன்று. நமுனுகுல மலையை நோக்கிக் கூவினால் மலை எதிரொலிக்கும். அது மலையின் விருப்பத்தாலன்று. பாறை இருக்கும்வரை எதிரொலிக்கத்தான் செய்யும். கணினியோ பொதியைப் பெற்று, மறுமொழியை ஆக்கி, அனுப்பியவரின் முகவரியிட்டுத் திருப்பி விடவேண்டும். அது விரும்பாவிட்டால் வாய்மூடி இருந்துவிடலாம். ஆகவே சோனாரைக் காட்டிலும் ஹாலி எல நிலையத்து மணியே ‘பிங்’கிற்கு நெருங்கிய உறவு எனல் வேண்டும்.

மறுமொழியிலிருந்து அறியக்கூடியவை சில உண்டு. கண்ணாடியிழையிலே ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து பதுளை வரை புகையிரதப் பாதையின் நீளத்துக்கே இழை கிடப்பதாகக் கொண்டாலும், போய்வர 584 கிலோமீற்றர். அதற்கு வேண்டிய நேரம் 3 மில்லிவிநாடியே. திரையில் 40 மில்லிவிநாடி என்று காட்டினால், மிகுதி நேரம் இடைவழியிலுள்ள கருவிகளிற் காத்திருந்தோ, சுற்றுவழியிற் சென்றோ கழிந்ததென்று கொள்ளலாம். நிலத்திலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாகச் சென்றாலோ, மறுமொழிக்கு ஏறத்தாழ அரை விநாடியேனும் பிடிக்கும். பொதிகளுக்கு வரிசை எண் இடப்படுவதால் இடையிலே தொலைந்தவை எத்தனை என்பதும் தெரியும். விண்டோஸ் கணினிகள் வழக்கமாக நான்கு பொதிகளை அனுப்பி நிறுத்திக்கொள்ளும். யூனிக்ஸ் வழிவந்தவை, நிறுத்தச் சொல்லும் வரை விநாடிக்கொன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கும்.

விட்டுவிட்டுத் தோன்றும் பழுது ஒன்றைத் தேடிய ஒருவர், மறுமொழி வரும் ஒவ்வொரு தடவையும் கணினி ‘பிங்’ என்று உரக்கச் சொல்லும்படி அமைத்து, அதனை ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டுக் கட்டடம் முழுவதும் நடந்து, கம்பி இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாராம். எந்த இணைப்பை அசைத்தபோது குரல் நின்றதோ அங்கேதான் பழுது. மூஸ் மிகவும் விரும்பிச் சொன்ன கதை இது.

மௌனத்தை விளங்கிக்கொள்வதோ இவ்வளவு எளிதன்று. பழைய காலத்தில் தோட்டத்து லயத்திலிருந்து திருச்சிராப்பள்ளிச் சீமைக்கோ சேலத்துக்கோ கடிதம் எழுதியவர், பதில் வராவிட்டால் என்ன நினைப்பார்? கடிதம் கடலைத் தாண்டவில்லையா, ஊர் போய்ச் சேரவில்லையா, படித்துச் சொல்ல ஆளில்லையா, உறவினர் பதில் எழுதியும் அது தோட்டத்துத் தபாற்பைக்கு வந்து சேரவில்லையா, அல்லது உறவினரே இல்லையா? ‘பிங்’கிற்கு மறுமொழி வராதபோதும் இத்தனை காரணங்களும் உண்டு. போகும் வழி நன்றாயிருந்து திரும்பும் வழி அறுந்திருந்தாலும் கேட்டவருக்குக் கிடைப்பது மௌனமே. இடைவழிக் கருவியொன்று ‘அவ்விடத்தை அடைய இயலாது’ என்று அறிவித்தால் அது பேருதவி; முகவரியாளர் இல்லை என்று எழுதித் திரும்பிவந்த கடிதத்தைப் போன்றது அது.

கேட்டால் ஒவ்வொரு கணினியும் மறுமொழி தந்தேயாக வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் இணைய விதிமுறை வற்புறுத்தியது. ஆனால் 1996, 1997ஆம் ஆண்டுகளையொட்டி, அளவுக்கு மீறிய எதிரொலிப் பொதியை அனுப்பிக் கணினியை நிலைகுலையச் செய்யும் குறும்பர்கள் தோன்றினர். அதன் விளைவாக, இவ்வினாவை வாசலிலேயே தடுத்துவிடும் காவல் நிரல்கள் பெருகின. நலமாக இருந்துகொண்டே பதில் பேசாத கணினிகள் இன்று பலவாகும்.

மறுபுறத்தில், மறுமொழி வந்துவிட்டதாலேயே எல்லாம் நலம் என்று கொள்வதும் தவறாகும். எதிரொலிக்கு மறுமொழி தருவது கணினியின் கருப்பகுதி. அதன் மேலே இயங்கும் வங்கிக் கணக்கு நிரலோ, மின்னஞ்சல் நிரலோ செயலற்றுக் கிடந்தாலும், கருப்பகுதி ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வாசற்காவலன் விழித்திருக்கிறான் என்பதுகொண்டு வீட்டார் விழித்திருக்கின்றனர் எனக் கூறவியலாது. ‘பிங்’ மணி மட்டுமே. அதனிடம் தகடு இல்லை.

இலங்கையிலே 1990ஆம் ஆண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து கல்வியாளர்களுக்கான மின்னஞ்சற் சேவை தொடங்கியது. 1995இல் வணிக இணையம் வந்தது. 2005இல் பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கைத்தொலைபேசி லயங்களுக்கும் வந்துவிட்டது. ஊவாவின் மலைகளுக்குச் செய்தி செல்லும் வழிகள் பெருகின என்பதில் ஐயமில்லை.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் ஹல்துமுல்லைப் பிரிவைச் சேர்ந்த, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தைக் காணவில்லை. அவ்விடம் அபாயமானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது என்பது பின்னர் பேசப்பட்டது. எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. ஆயினும் லயங்கள் அங்கேயே இருந்தன, மக்களும் அங்கேயே இருந்தனர். குடியிருக்க மாற்றிடம் கிடைக்காதவர்களுக்கு எச்சரிக்கை என்பது பாதையில்லாத புகையிரதம் போன்றதே. தோர்ப் நகரத்துத் தந்தியைப்போல அதுவும் ஒருவரையும் தடுத்து நிறுத்தவில்லை. இசைவு தெரிவிக்கப்படும்வரை பூட்டிக்கொள்ளும் கருவி எதுவும் அதன் நடுவில் இருக்கவில்லை.

இன்று அந்நிறுவனம் மலைநாட்டின் பல இடங்களில் தானியங்கு மழைமானிகளை நிறுத்தியிருக்கிறது. கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியே அவை மழையின் அளவை அனுப்புகின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற்றம் என்பது பொதுவான அளவுகோல். பெருமழை பெய்யும் இரவில், மலையுச்சி மானியொன்றிலிருந்து எண் எதுவும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கருவி பழுதோ, மின்கலம் தீர்ந்ததோ, கோபுரம் சாய்ந்ததோ, மானி நின்ற மண்ணே நகர்ந்ததோ தெரியாது. அவ்வேளையில் கொழும்பிலிருப்பவர் வெற்றிடத்தைச் சுழியம் என்று வாசித்துவிட்டால், மழையே பெய்யவில்லை என்றாகிவிடும். ஆதலால் மழையின் அளவைப் பார்க்குமுன் அவர் அந்த மானியிடம் கேட்கவேண்டியது, பதுளை நிலைய அதிபர் ஒற்றை மணியால் ஹாலி எலயிடம் கேட்ட அதே வினாவைத்தான்.