'பிரிட்டிஷ் நீர்மூழ்கி' என்ற இரண்டு சொற்கள்

அந்தமான் தீவுகள் ஜப்பானியர் கையில் இருந்த காலத்தைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 1942 மார்ச் 23 அன்று அவர்கள் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தீவுகளுக்குப் போன ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு பீப்பாயும் கடல் தாண்டித்தான் போயாக வேண்டும். எந்தெந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன, எவை வழியிலேயே மூழ்கின என்று தெரிந்தால் தீவில் பட்டினி எப்படி வந்தது என்று புரியும் என்பது என் எண்ணம். அதற்காக, 1947இல் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் கூட்டாக வெளியிட்ட ஜப்பானியக் கப்பல் இழப்புப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

1944 ஏப்ரல் 15. நம் ஊரில் சித்திரை பிறந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருக்கும். அந்தத் தேதிக்கு நேரே ஒரு வரி: ஏழாம் எண் கண்ணிவாரிக் கப்பல், போர்ட் பிளேர் அருகே மூழ்கியது. மூழ்கடித்தது யார் என்ற கட்டத்தில் 'பிரிட்டிஷ் நீர்மூழ்கி' என்று மட்டும் இருந்தது. அமெரிக்க நீர்மூழ்கி என்றால் அதன் பெயரையே போட்டிருப்பார்கள். தம் கப்பல்களில் எது எதை மூழ்கடித்தது என்று தீர்ப்பதற்காகவே தயாரான பட்டியல் அது. நட்பு நாட்டுக் கப்பலுக்கு நாட்டின் பெயரே போதுமென்று விட்டுவிட்டார்கள்.

அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒரு கப்பல் இருந்தது. அதில் ஏறத்தாழ ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். பெரிஸ்கோப்பில் கண் வைத்து 'விடு' என்று சொன்ன ஒருவர் இருந்திருப்பார். அவர் யார்?

தேட வேண்டிய துறைமுகம் எது என்பதில் குழப்பமில்லை. 1944இன் தொடக்கத்தில் வங்கக் கடலையும் மலாக்கா நீரிணையையும் காவல் காத்த பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளுக்குத் திருகோணமலையே வீடு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட அதே துறைமுகம்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே நீர்மூழ்கிகளின் தாய்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. ரோந்து முடிந்து வரும் நீர்மூழ்கி தாய்க்கப்பலின் பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். டார்பிடோ, டீசல், ரொட்டி, கடிதம், வெந்நீர்க் குளியல் எல்லாம் அங்கேதான்.

லண்டனின் மேற்குப் பகுதியில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தாள்களுக்கு 'ஏ.டி.எம்.' என்று தொடங்கும் எண்கள் தந்திருக்கிறார்கள். 173ஆம் வரிசையில் நீர்மூழ்கிகளின் லாக் புத்தகங்கள். 199ஆம் வரிசையில் போர்க்காலக் கோப்புகள், அவற்றுக்குள் தலைவர்கள் எழுதிய ரோந்து அறிக்கைகள். லாக் புத்தகம் மணிக்கு மணி பேசும்: திசை, வேகம், மூழ்கிய நேரம், மேலெழுந்த நேரம். உணர்ச்சிக்கு அதில் இடமில்லை. ரோந்து அறிக்கை அப்படியில்லை. ஏன் அப்போது திரும்பினேன், ஏன் அந்தக் கப்பலை விட்டேன் என்று மேலதிகாரிக்குக் காரணம் சொல்லும் தாள் அது. மனிதர் தெரியத் தொடங்கும் இடமும் அதுதான். பேனா கூடாது, பென்சில் மட்டுமே என்பது அந்த வாசிப்பறையின் சட்டம். இரண்டு பென்சில்களைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வேலை, கழித்தல். ஏப்ரல் நடுவில் கடலில் இல்லாதவற்றை நீக்க வேண்டும். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற கப்பலை உடனே நீக்க முடிந்தது, வருத்தத்தோடு. பிப்ரவரி இறுதியில் திருகோணமலையிலிருந்து கிளம்பி, மார்ச் 20 திரும்ப வேண்டிய கப்பல் அது. திரும்பவேயில்லை. அதே பெர்க்கன்ஹெட் கட்டுந்தளத்தில் பிறந்த, அதே எஸ் வகுப்பைச் சேர்ந்த இன்னொரு கப்பல் அந்த மாதம் அந்தமான் பக்கம் ரோந்தில் இருந்தது. பெயர் ஸ்டார்ம், புயல். தேதி பொருந்தியது, இடம் பொருந்தியது. கண்ணிவாரிக் கப்பலை மூழ்கடித்தது ஸ்டார்ம்தான்.

இந்தப் பொருத்தம் 1944இல் யாருக்கும் கிடைத்திருக்காது. பெரிஸ்கோப் கண்ணாடியில் ஒரு கொடிமரமும் புகைபோக்கியும் சில நொடிகள் தெரியும், பெயர்ப்பலகை தெரியாது. சுட்டவருக்குக் கப்பலின் பெயர் தெரியாது, மூழ்கியவர்களுக்குச் சுட்டவரின் பெயர் தெரியாது. போர் முடிந்து, தோற்றவரின் தாள்களும் வென்றவரின் தாள்களும் ஒரே மேசைக்கு வந்த பிறகுதான் இரண்டு பாதிகளும் ஒட்டின.

ஸ்டார்மின் தலைவர் லெப்டினன்ட் எட்வர்ட் பிரெஸ்டன் யங். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த நான்கு எழுத்துகளில் என் பென்சில் நின்றது: ஆர்.என்.வி.ஆர். அரச கடற்படையின் தன்னார்வலர் சேமப்படை என்று பொருள். வழக்கறிஞர், வங்கி எழுத்தர், பள்ளி ஆசிரியர், படகோட்டுவதில் ஆசை கொண்டவர் என்று போருக்காக வந்து சேர்ந்தவர்களின் படை அது. நிரந்தரக் கடற்படை அதிகாரியின் சட்டைக் கையில் தங்கக் கோடு நேராக ஓடும். இவர்களுக்கு அலைபோல் வளைந்து ஓடும். அதனால் 'அலைக் கடற்படை' என்றே அழைத்தார்கள். நீர்மூழ்கியின் தலைமை என்பது, பள்ளிப் பருவத்திலேயே கடற்படைக் கல்லூரிக்குப் போனவர்கள் பல ஆண்டு உழைத்து எட்டும் இடம். தலைமைக்கான பயிற்சியில் தவறினால் மறுவாய்ப்பே கிடையாது. அந்த இடத்தில் அலைக்கோடு போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். செயற்பாட்டு நீர்மூழ்கி ஒன்றுக்குத் தலைவரான முதல் தன்னார்வலர் சேமப்படை அதிகாரி இவரே என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது என்னிடம் இருந்தவை பெயரும் நான்கு எழுத்துகளும்தான்.

இவர் எங்கிருந்து வந்தார்?

பதக்க அறிவிப்புகளை வெளியிட்ட லண்டன் கெஜட் உதவுமென்று நினைத்தேன். இவருக்கு டி.எஸ்.ஓ., டி.எஸ்.சி. என்ற வீரப் பதக்கங்கள் உண்டு. ஆனால் போர்க்கால கெஜட் வாயைத் திறக்காது. துணிவுக்காகவும் திறமைக்காகவும், வெற்றிகரமான ரோந்துகளில், என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளும். எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று எதிரிக்குத் தெரியக் கூடாதே. பெயர் உறுதியானதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. முந்தைய தொழில் என்ன என்று கடற்படைத் தாள்கள் எதுவும் சொல்லவில்லை. அவற்றைப் பொறுத்தவரை மனிதன் பணியில் சேர்ந்த நாளில்தான் பிறக்கிறான்.

பதில் என் வீட்டு அலமாரியில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பெங்குவின் புத்தகம் ஒன்று, 'ஒன் ஆஃப் அவர் சப்மரீன்ஸ்'. ஆசிரியர் எட்வர்ட் யங். 1952இல் முதலில் வெளிவந்த அந்த நினைவுநூலை 1954இல் பெங்குவின் மறுபதிப்பாகப் போட்டது. அதன் வரிசை எண்ணைப் பார்த்தேன்: 1000. ஆயிரமாவது பெங்குவின் என்பது ஒரு பதிப்பகத்துக்குத் திருவிழா. எத்தனையோ பெரிய எழுத்தாளர்கள் இருக்க, அந்த எண்ணை ஒரு நீர்மூழ்கித் தலைவருக்கு ஏன் கொடுத்தார்கள்?

அட்டையில் நிற்கிறதே அந்தப் பறவை, அதை முதன்முதலில் வரைந்தவர் அவர்தான்.

1935இல் பதிப்பாளர் ஆலன் லேன் ஆறு பென்னிக்கு நல்ல புத்தகம் தர வேண்டும் என்று திட்டமிட்டபோது, 'பெங்குவின்' என்ற பெயரைச் சொன்னவர் ஜோன் கோல்ஸ் என்ற செயலர். உடனே லண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய்ப் பறவையைப் பார்த்து வரைந்து வா என்று அலுவலகத்து இளைஞர் ஒருவரை அனுப்பினார்கள். அந்த எட்வர்ட் யங்குக்கு அப்போது வயது 21. அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே பெங்குவின்களுக்கென்று வளைந்த காங்கிரீட் சரிவுகள் கொண்ட புதிய குளம் திறக்கப்பட்டிருந்தது. மேலும் கீழும் வண்ணம், நடுவே வெள்ளை; புனைவுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை என்ற அந்த மூன்று பட்டை அட்டையும் அவர் கைவேலைதான். மூர் மார்க்கெட்டில் புத்தகம் தேடிய தலைமுறை எட்ட நின்றே அந்த ஆரஞ்சு நிறத்தை அடையாளம் கண்டுகொள்ளும்.

பெயர் ஒற்றுமையை நம்பி முடிவுக்கு வருவது இந்தத் தொழிலில் பெரும் பாவம். இரண்டு எட்வர்ட் யங்குகள் இருந்திருக்கலாம். இணைப்பு எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வேண்டும். நினைவுநூலை எழுதியவர் ஸ்டார்மின் தலைவர் என்பதற்கு நூலே சாட்சி. அதன் ரோந்துகள் கடற்படைத் தாள்களோடு பொருந்துகின்றன. அவரேதான் பறவையை வரைந்தவர் என்பதைப் பெங்குவினின் வரலாறு சொல்கிறது. தங்கள் பழைய ஊழியர் என்பதால்தான் ஆயிரமாவது எண்ணை அவருக்கு வைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் தாள்களில் அவர் வரைகலைஞர், மற்றொன்றின் தாள்களில் சேமப்படை லெப்டினன்ட்.

அந்த நூலை இப்போது வேறு கண்ணோடு படித்தேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஸ்டார்ம் இல்லை, அம்பையர். 1941 ஜூலை 19, நள்ளிரவு. புத்தம் புதிய கப்பல், இன்னும் போருக்கே போகவில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கு நோக்கிப் போகும் கப்பல் கூட்டத்தோடு சேர்ந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் ஏறிக்கொண்டிருந்தது. டீசல் எந்திரத்தில் கோளாறு, பின்தங்கியது. எதிரே தெற்கு நோக்கி வேறொரு கூட்டம். போர்க்காலம், விளக்கு இல்லை. அந்தக் கூட்டத்துக் காவல் கப்பலான பீட்டர் ஹென்ட்ரிக்ஸ் அம்பையர் மீது மோதியது. எதிரியே இல்லாத மோதல். சில நொடிகளில் நீர்மூழ்கி கடலடியில் போய் விழுந்தது. அங்கே ஆழம் 18 மீட்டர்தான். கப்பலின் நீளமோ 58 மீட்டர். நட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தால் பாதிக்கு மேல் வெளியே தெரிந்திருக்கும். அந்த ஆழத்தில் 22 பேர் இறந்தார்கள்.

யங் அப்போது உள்ளே இருந்தார். மேல்தளக் கோபுரத்தின் குறுகலான குழாய்க்குள் இன்னும் சிலரோடு நெருக்கி நின்று, மூச்சுக் கருவி இல்லாமல், மூடியைத் திறந்து, வெறும் நுரையீரலோடு மேலே வந்தார். அப்படி வந்தவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. இவர் பிழைத்தார், மீண்டும் நீர்மூழ்கிக்கே போனார். இதை எழுதும்போதும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. போரில் வேறு வேலைகள் இருந்தன. வரைபடம் போடவும் அச்சடிக்கவும் தெரிந்த மனிதருக்கு நிலத்தில் வேலை இல்லாமல் போயிருக்காது. அடுத்து சாரசன் என்ற நீர்மூழ்கி. 1942 ஆகஸ்டில் அது ஜெர்மானிய யு-335ஐ மூழ்கடித்தது. பிறகு 1943இல் பி-555 என்ற பழைய அமெரிக்கப் பயிற்சிக் கப்பலின் தலைமை, பிறகு ஸ்டார்ம்.

அம்பையரின் தலைவர் மெர்வின் விங்ஃபீல்டின் பெயரைப் படித்ததும் திருகோணமலைக் குறிப்புகளை மறுபடி புரட்டினேன். ஏற்கெனவே நான் எழுதி வைத்திருந்த பெயர்! மோதலில் மேல்தளத்திலிருந்து கடலில் விழுந்து தப்பியவர் அவர். 1943 நவம்பர் 13 அன்று பினாங்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-34ஐ மூழ்கடித்த டாரஸின் தலைவரும் அவரே. நார்ஃபோக் கரையோரச் சேற்றில் ஒரே கப்பலை இழந்த இருவர், மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் கோணேசர் மலையின் நிழல் விழும் துறைமுகத்தில், ஆளுக்கொரு நீர்மூழ்கியின் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். இந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அன்று வேறெதுவும் படிக்காமல் எழுந்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தொடங்கிய அமெரிக்கப் பட்டியல், வணிகக் கப்பல் என்றால் 500 டன்னுக்கு மேற்பட்டதை மட்டுமே கணக்கில் எடுத்தது. மலாக்கா நீரிணையில் அந்த ஆண்டு பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தவற்றில் பெரும்பகுதி சிறு கலங்கள்: பாய்மரக் கலம், கரையோரச் சரக்குப் படகு. பெரிய ஜப்பானியக் கப்பல்கள் அரிதாகிவிட்டிருந்தன. அரிசியும் எண்ணெயும் சின்னப் படகுகளுக்கு மாறியிருந்தன. டார்பிடோவுக்குத் தகாத இலக்குகள் அவை. நீர்மூழ்கி மேலெழுந்து, ஆட்களை இறங்கச் சொல்லி, பீரங்கியால் சுடும். அந்தப் படகுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கரையோர மக்கள். ஸ்டார்மும் இந்த வேலையைச் செய்தது. தீவுக்குப் பட்டினி எப்படி வந்தது என்று கேட்டுத்தான் நான் தேடத் தொடங்கினேன். நான் வியந்து பின்தொடர்ந்த இந்த மனிதரின் கையும் அந்தப் பதிலில் இருக்கிறது. அவர்மீது எனக்குள்ள மதிப்பு அதனால் குறையவில்லை. ஆனால் என் குறிப்பேட்டில் பாய்மரக் கலங்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கினேன்.

1944 செப்டம்பரில் தாய்க்கப்பல் மெய்ட்ஸ்டோனோடு ஸ்டார்மின் அணி ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலுக்கு மாறியது. 1945 ஏப்ரலில் ஸ்டார்ம் இங்கிலாந்து திரும்பியது. 1949இல் ஸ்காட்லாந்தின் ட்ரூனில் அதை உடைத்து இரும்பாக்கினார்கள். யங் மீண்டும் புத்தகத் தொழிலுக்கே போனார். 2003இல், 89ஆம் வயதில் இறந்தார்.

ஆயிரமாம் எண் புத்தகத்தை ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அட்டையில் உள்ள பெங்குவின் அவர் வரைந்த அதே கோடு இல்லை. நாற்பதுகளின் இறுதியில் யான் சிசோல்ட் என்ற அச்செழுத்து மேதை அதைத் திருத்தி வரைந்துவிட்டார். யங்கின் பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் 1935இன் முதல் பத்துப் புத்தகங்களுக்குப் போக வேண்டும். அடுத்து நான் தேடிப் போனது அவற்றைத்தான்.