கடல் கடக்கும் காசுக்கு இரண்டு கூலி

அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களும், பின்னர் செம்பனைக் குலை அறுத்தவர்களும் ஈட்டிய காசில் ஒரு பங்கு ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தது. தாய்க்கு அரிசி, தங்கைக்குத் திருமணம், அடகு வைத்த நிலத்துக்கு வட்டி என்று அதற்குப் பல கடமைகள் இருந்தன. இன்று ஊருக்குப் போகும் நம் பிள்ளைகள் வங்கி அட்டை ஒன்றை எடுத்துச் சென்று, அங்கேயே இயந்திரத்தில் ரூபாய் எடுக்கின்றனர்.

வழிகள் மாறியுள்ளன. ஆயினும், கூலி கொடுக்காமல் காசு கடலைக் கடந்ததில்லை. அக்கூலி இரண்டு வகைப்படும். ஒன்று ரசீதில் தெரியும் கமிஷன். மற்றொன்று நாணய மாற்று விகிதத்திலே மறைந்து நிற்பது. இவ்விரண்டின் வரலாற்றையும் இன்று நாம் காண்போம்.

முதலில் பணம் போன வழிகளைப் பார்ப்போம். பினாங்கு, கிள்ளான் போன்ற ஊர்களில் இருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகளில் வெள்ளியைக் கட்டினால், அவர்கள் உண்டியல் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டைக் காட்டினால் தமிழ்நாட்டில் உள்ள அவர்களுடைய கடையிலோ, பங்காளியின் கடையிலோ ரூபாய் கிடைக்கும். நாணயம் கப்பலேற வேண்டியதில்லை, நம்பிக்கையே கப்பலேறியது.

தபால் நிலையத்து மணியார்டர் மற்றொரு வழி. படிவத்தை நிரப்பிக் கமிஷனையும் சேர்த்துக் கட்டினால், ஊரில் தபால்காரர் வீட்டுக்கே வந்து பணத்தைத் தருவார். பெற்றுக்கொண்டவரின் கைரேகை பதிந்த சீட்டு திரும்பி வரும். எழுதத் தெரியாதவர்களுக்குத் தோட்டத்துக் கிராணியோ பள்ளி ஆசிரியரோ படிவத்தை நிரப்பிக் கொடுப்பதுண்டு.

கப்பலேறிப் போனவர்கள் பணத்தைத் தாமே கொண்டு சென்றனர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் நம்மவரை ஏற்றிச் சென்றதை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். சிலர் பணத்தை நகையாக்கிப் பூட்டிக்கொண்டு போயினர். அதற்கும் செய்கூலி, சேதாரம் என்று கூலி இருந்தது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கூலி. இனித் தெரியாத கூலிக்கு வருவோம்.

1906ஆம் ஆண்டில் இந்நாட்டு வெள்ளியின் மதிப்பு, ஆங்கில நாணயத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. அப்போது இந்திய ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஆகவே ஒரு வெள்ளிக்கு ஒன்றே முக்கால் ரூபாய். 10 வெள்ளி அனுப்பினால் ஊரில் 17 ரூபாய் 8 அணா. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னும் ரூபாயின் மதிப்பு ஏறி இறங்கியது. 1927இல் இந்திய அரசு அதனை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டமாக்கியது. அதன்படி 10 வெள்ளிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 15 ரூபாய் 9 அணாதான்.

முன்போல் 17 ரூபாய் 8 அணா தாயின் கைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், மகன் 11 வெள்ளி 25 காசு அனுப்ப வேண்டும். 1920களின் இறுதியில் பல மாவட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டக் கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அப்படியானால் அந்த 1 வெள்ளி 25 காசு, ஓர் ஆணுக்கு இரண்டரை நாள் உழைப்பு. பெண்ணுக்கு மூன்று நாளுக்கும் மேல். மணியார்டர் ரசீதில் இது ஒரு வரியாகக்கூட வராது.

இந்த விகிதத்தை இந்திய வணிகர்களும் தேசியத் தலைவர்களும் எதிர்த்தனர். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன், 1930 ஜனவரியில் காந்தியடிகள் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில், ரூபாயை மீண்டும் 1 ஷில்லிங் 4 பென்ஸ் ஆக்க வேண்டும் என்பதும் ஒன்று. உப்பைப் போலவே நாணய விகிதமும் மக்களின் வாழ்வைத் தொடும் செய்தியாக இருந்தது.

விகிதம் மறுபக்கம் சாய்ந்ததும் உண்டு. 1966 ஜூன் 6இல் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஏறத்தாழ 1 ரூபாய் 56 பைசாவாக இருந்த நம் வெள்ளி, 2 ரூபாய் 45 பைசா ஆயிற்று.

அடுத்த ஆண்டு பாடம் நம் நாட்டிலேயே நடந்தது. 1967 ஜூன் மாதம் பேங்க் நெகாரா புதிய மலேசிய நோட்டுகளை வெளியிட்டது. பழைய நோட்டுகளும் உடன் வழங்கின. நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது, அதனோடு பிணைந்திருந்த பழைய நோட்டின் ஒரு வெள்ளி 85 காசாகக் குறைந்தது. பெட்டியில் பழைய நோட்டைப் பூட்டி வைத்திருந்தவர்கள் வெள்ளிக்கு 15 காசு இழந்தனர். பினாங்கில் கடையடைப்பும் கலவரமும் மூண்டன.

புதிய நோட்டு வந்த அதே 1967 ஜூன் மாதத்தில்தான், லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்ளேஸ் வங்கி, பணம் தரும் இயந்திரத்தை முதன்முதலாகத் திறந்தது. அவ்வினத்து இயந்திரமே இன்று நாகப்பட்டினத்திலும் நம் பட்டணங்களிலும் நிற்கிறது. வாங்கும் கூலியும் பழைய இரண்டு வகைதான்.

முதல் வகை: வெளிநாட்டில் பணம் எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் நம் வங்கி கட்டணம் பிடிக்கலாம், இயந்திரத்துக்குரிய வங்கியும் தனியே பிடிக்கலாம். ஒரு தடவைக்கு 10 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 100 ரிங்கிட் வீதம் ஐந்து தடவை எடுத்தால் கட்டணம் 50 ரிங்கிட். 500 ரிங்கிட்டை ஒரே தடவையில் எடுத்தால் 10 ரிங்கிட். எனவே அடிக்கடி சிறுசிறு தொகையாக எடுப்பது நட்டம்.

இரண்டாம் வகை: சில இயந்திரங்கள், "ரிங்கிட்டில் கணக்கிடட்டுமா, ரூபாயில் கணக்கிடட்டுமா?" என்று கேட்கும். ரிங்கிட் நமக்குப் பழகியது என்று அதைத் தொட்டுவிடுகிறோம். அப்போது விகிதத்தை அந்த இயந்திரக்காரரே வைப்பார். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. ரூபாய் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

புறப்படும் முன் நம் வங்கிக்குச் சென்று, அட்டை வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று கேட்டு, அதற்கான அனுமதியைத் திறந்துகொள்வது அவசியம். பல வங்கிகள் நம் பாதுகாப்பைக் கருதி அதனை மூடியே வைத்துள்ளன. மிஞ்சிய ரூபாயைப் பெட்டியில் போட்டு வைக்கவும் வேண்டாம். 2016 நவம்பர் 8இல் இந்தியா பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது நினைவிருக்கட்டும்.

நேயர்களே, பணம் மாற்றும் எவரிடமும், அது கடையாயினும் வங்கியாயினும், "கமிஷன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. "எல்லாம் போக, கையில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?" என்றும் கேட்க வேண்டும். கமிஷன் இல்லை என்று பலகை வைத்த கடையிலும் இக்கேள்வி வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் கேட்டு ஒப்பிட, நம் பள்ளிப் பிள்ளைகள் கற்கும் பெருக்கலும் வகுத்தலுமே போதும். பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அன்று நம் முன்னோர் கேட்க வழியின்றி இழந்த இரண்டரை நாள் கூலியை, இன்று நாம் கேட்டுக் காத்துக்கொள்ள முடியும்.