குமரும் குரவையும்

இலங்கையின் கிழக்கே கல்முனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும், முஸ்லிம்களாகிய எங்கள் கடற்கரையூர்களில், ஒரு வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள் என்னும் செய்தியை, முன்னாளில் மூதாட்டியர் எழுப்பிய குரவையொலியே வேலிகளைக் கடந்து ஊருக்கு அறிவித்தது. அன்றுமுதல் அவள் 'குமர்'. பெற்றோரின் பெருமிதமும் கவலையும் ஒருங்கே உறைந்த சொல் அது.

ஆடவர் கண்படாத அறையில் அவளை அமர்த்தி, முட்டையும் நல்லெண்ணெயும் ஊட்டி உடலைத் தேற்றி, குறித்த நாளில் மாமிமாரும் மச்சிமாரும் சூழ நின்று தலைக்குத் தண்ணீர் வார்த்து, புத்தாடையும் ஆபரணமும் அணிவித்து, வந்த பெண்டிர்க்கெல்லாம் பலகாரம் பரிமாறிய அச்சடங்கு, அயலூர்த் தமிழரின் சாமத்தியச் சடங்கோடு மிகவும் ஒத்திருந்தது. இரு சமூகத்தாரும் தாய்வழிக் குடிமுறையைப் பேணியவர்களாதலின் அவ்வொற்றுமை வியப்பிற்குரியதன்று. திமிலர் என்னும் குலத்தாருடன் நிகழ்ந்த போரில் முக்குவர் என்னும் தமிழ்க் குலத்தாருக்குத் துணைநின்ற முஸ்லிம்கள் அவர்தம் மகளிரை மணந்து இங்கு நிலைத்தனர் என்பது கர்ணபரம்பரை. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பர் வரலாற்றாசிரியர்.

தாயின் குடியே பிள்ளையின் குடி. பள்ளிவாசல் நிருவாகத்திற்குக் குடிகளின் சார்பில் மரைக்காயர்மார் அமர்ந்ததும் அம்முறை பற்றியே. மணமுடித்த மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும், அவ்வீடே மகளுக்குச் சீதனமாவதும், பெற்றோர் இளைய மகளுக்கென வேறொரு வீடு எழுப்பி அங்கு பெயர்வதும் இக்கரையின் வழமையாதலின், மகள் குமரான நாள்தொட்டுத் தந்தைக்கு வீடு கட்டும் சிந்தையே பெருஞ்சிந்தையாயிற்று.

பருவமெய்திய பெண்ணைச் சமூகத்திற்கு அறிவிக்கும் சடங்கு பிற நாடுகளில் வேறு வடிவம் கொண்டது. பிரித்தானிய அரசவையில், 1958 வரை, உயர்குலக் கன்னியர் அரசபீடத்தின் முன் வணங்கியே சமூகப் பிரவேசம் செய்தனர். அவ்வழக்கத்தைத் தழுவிய நடன விழாக்களின் வாயில்கள் தமக்கு அடைபட்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரக் கறுப்பினத்தார் தம் புதல்வியர்க்கெனத் தனி விழா கண்டனர். 1968இல் சிட்னி நகர மண்டபத்தில், அவுஸ்திரேலிய ஆதிக்குடிக் கன்னியர் வெண்ணிற ஆடையணிந்து நின்ற விழாவுக்குப் பிரதமர் ஜான் கோர்ட்டனே வருகை தந்தார். பிறர் அவையிலிருந்து வந்த அக்கோலத்தையே அவர்கள் தம் கௌரவத்தின் பிரகடனமாக்கினர். முந்திய ஆண்டில் ஆதிக்குடியினர் குறித்து நடந்த சர்வசன வாக்கெடுப்பில் பெற்ற அங்கீகாரத்திற்கு அது கண்கண்ட சாட்சியாயிற்று. எங்கள் குமருக்கோ அத்தகைய அவையேற்றம் வேண்டியிருக்கவில்லை. அவள் எவர் வாயிலிலும் சென்று நிற்காமல், தன் தாயின் வாயிலிலேயே அங்கீகாரம் பெற்றாள்.

அண்மைத் தசாப்தங்களில் மார்க்க அறிஞர்களின் போதனையால் குரவை பெரிதும் ஓய்ந்தது, ஆரவாரமும் குறைந்தது. அதனினும் ஆழமான சோதனை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையாய்க் கடலிலிருந்து வந்தது. கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் சிதைந்தபின், நிவாரண வீடுகளைக் 'குடும்பத் தலைவர்' பெயரில் பதிந்த உத்தியோகமுறை, அத்தலைவரை ஆணென்றே கொண்டமையால், பல பெண்களின் வழிவழி உரிமை ஏட்டளவில் இடம் மாறிற்று.

குரவை ஓய்ந்ததற்காக நான் வருந்தவில்லை. ஒலி காலத்தோடு மாறுவது இயல்பு. ஆனால் அக்குரவை எந்த வீட்டிலிருந்து எழுந்ததோ அந்த வீட்டின் காணி உறுதியில் மகளின் பெயர் இல்லாதொழியுமாயின், எங்கள் மூதாட்டியர் அன்று ஊருக்கு அறிவித்த செய்தி பொய்யாகிவிடும்.