எண்ணெயும் அரப்பும்: வடமராட்சித் தலைமுழுக்கு மரபு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இடப்பெயர்களுட் பல மரத்தினடியாகப் பிறந்தவை. ஆலடி, புளியடி, இலுப்பையடி என்னும் அவ்வரிசையில் வைத்தெண்ணத்தக்கது, வடமராட்சியின் வணிக நடுவமாக விளங்கும் நெல்லியடி. பருத்தித்துறை வீதியில் அச்சந்தியைக் கடந்து செல்வோர் இன்று நெல்லிமரத்தைத் தேடுவதில்லை. ஆயினும், கூந்தலின் நெய்ப்பிசுக்கை நீக்குவதாக உறுதிகூறும் புட்டிகள் அவ்வூர்க் கடைகளில் அணிவகுத்து நிற்பதைக் காணும்போது அம்மரத்தின் நினைவு எழாமலிருப்பதில்லை. தமிழர் தலைகழுவிய பொருள்களுள் நெல்லி மிகப் பழையது.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை இதற்குச் சான்று பகரும். கோவலனை மகிழ்விக்க விழைந்த மாதவி, பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரினால் தன் நெய்பூசிய கூந்தலைக் கழுவி, நறும்புகையில் உலர்த்தினாள் என இளங்கோவடிகள் கூறுவர். பத்துத் துவர் இவையென விளக்கும் அடியார்க்குநல்லார் உரையிலே பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல் என்பவற்றோடு ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நாற்பால் மரங்களும் இடம்பெறுகின்றன. விரையும் ஓமாலிகையும் மணத்தின் பொருட்டானவை. துவரோ தூய்மையின் பொருட்டானது. செல்வ மகளிரின் ஒப்பனை பற்றிய செய்தியே இதுவெனினும், நெய் பூசுதலும் அந்நெய்யைத் துவரினாற் களைதலும் ஒரே செயலின் இருபாதிகளாக அங்கு நிற்பது நோக்கற்பாலது.

நம் மரபை ஆராய்ந்தோர் எண்ணெய் முழுக்குப் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். ஆத்திசூடி சனி நீராடலைப் பணித்ததும், தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகாவிதி நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய் முழுக்கை விதித்து, அந்நாளில் வெந்நீரையே கொள்ளச் சொன்னதும் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டவை. ஆனால், வைத்த எண்ணெயை எடுத்தது எது என்னும் வினா பெரிதும் எழுப்பப்படவில்லை. வைப்பதைக் காட்டிலும் எடுப்பதிலேயே முன்னோரின் அறிவு மிகுதியாகச் செலவாயிற்று என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

அவ்வெடுக்கும் பொருளின் பொதுப்பெயர் அரப்பு. கொங்குநாட்டில் அச்சொல் உசிலை இலைத்தூளைக் குறிக்கும். யாழ்ப்பாணத்திலோ எண்ணெய் ஆட்டியபின் செக்கில் எஞ்சும் இலுப்பைப் பிண்ணாக்கையும், சீயாக்காய், பயறு, வெந்தயம் முதலியன சேர்த்து அவித்தரைத்த கலவையையும் குறிக்கும். இலுப்பை நெய் கோயில் விளக்குக்குச் சென்றது. கழிவாய் நின்ற பிண்ணாக்கு மக்கள் தலைக்கு வந்தது. இலுப்பைப் பிண்ணாக்கிலும் சீயாக்காயிலும், சபோனின் என இரசாயனவியலார் வழங்கும் நுரைப்பொருள் உண்டு. அது எண்ணெயைப் பற்றி நீரோடு இழுத்துச்செல்லும். பயற்றம்மா எஞ்சிய பிசுக்கை உறிஞ்சும். செவ்வரத்தை இலையைக் கசக்கிய சாறு மயிரை மெதுவாக்கும். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எனக் கிழமை வகுத்தமையால், தலை நாடோறும் தேய்க்கப்பட்டு வறளவுமில்லை. மாதக்கணக்கில் எண்ணெய் ஊறிக் கிடக்கவுமில்லை. இந்த இணை நமக்கு மட்டும் உரியதன்று. சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டையொட்டித் தலையில் எண்ணெய் வைக்கும் சடங்கிலும் நானு என்னும் மூலிகைக் கலவைக்கு இடமுண்டு.

இவ்வழக்கம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியதற்கு மண்ணும் ஒரு காரணம் எனலாம். குடாநாட்டின் கீழ்க்கிடை சுண்ணக்கல். அதிலூறும் கிணற்றுநீர் பெரும்பாலும் வன்னீர். வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. நீரிலுள்ள கல்சியத்தோடு கூடி வெண்ணிறப் படிவாக மாறி மயிரிலே ஒட்டிக்கொள்ளும். தலையைச் சவர்க்காரத்தால் இருமுறை கழுவியும் பிசுபிசுப்புப் போகவில்லையே என எத்தனையோ வீட்டுக் கிணற்றடிகளில் எழுந்த முறைப்பாட்டின் மெய்க்காரணம் இதுவே. பழி எண்ணெய்மேல் விழுந்தது, குற்றம் எண்ணெயினதன்று. அரப்பின் நுரைப்பொருள் கல்சியத்தோடு அவ்வாறு படிவதில்லை. அதனோடு தேசிக்காய்ப் புளியைச் சேர்த்த கிழவியர் இரசாயனம் கற்றவரல்லர். எனினும் அப்புளி அத்தகைய படிவையும் கரைக்கவல்லது.

1938இல் லீவர் நிறுவனம் கொழும்பிலே தொழில் தொடங்கியபின் சவர்க்காரக்கட்டி ஊர்க்கடைவரை வந்தது. அவித்தல், அரைத்தல், வடித்தல் ஆகிய உழைப்பெல்லாம் பெண்கள் தோளிலேயே சுமந்திருந்தமையால், அவர்கள் கட்டியை விரும்பியதிற் குறைகாண இடமில்லை. பின்னர் வந்த ஷாம்பு வன்னீரிலும் படியாதாகலின் சவர்க்காரத்தையும் வென்றது. 1903இல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கொஃப் தூளாக விற்கத்தொடங்கிய அப்பண்டத்தின் பெயர், பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச்சொல்லின் திரிபு என்பது சுவையான செய்தி.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதன்பின் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை இவ்வரலாற்றைப் பின்னோக்கித் திருப்பியது. எரிபொருளும் மருந்தும் அருகியபோது சவர்க்காரமும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மக்கள் பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தனர். தலைக்குச் செவ்வரத்தை இலையும் சீயாக்காயும் மீண்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேரப் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, ஒரு குடும்பத்துக்கென அமைந்த கிணறுகளிலே பல குடும்பங்கள் நீரள்ள நேர்ந்தது. அந்நிலையில் தலைமுழுக்கு என்பது முறைவைத்துக் காத்திருந்து பெறும் பேறாக இருந்தது. அந்நாள்களைக் கண்ட முதியோரிடம் அரப்பின் பக்குவத்தைக் கேட்டால், அளவு சொல்லத் தொடங்கி இடையிலே வேறெதையோ நினைந்து நிறுத்திவிடுவர். ஆய்வாளன் அவ்விடத்தில் மேலும் வினவுதல் முறையன்று.

2002இல் ஏ-9 பாதை திறந்ததும் புட்டிகள் மீண்டன. அரப்பு மறுபடியும் ஒதுங்கிற்று. ஆனால் ஓரிடத்தில் மட்டும் அது விலகவில்லை. யாழ்ப்பாணத்து மரணவீட்டில் உடலை நீராட்டுமுன் உறவினர் ஒருவர்பின் ஒருவராக வந்து இறந்தவர் தலையில் எண்ணெயும் அரப்பும் வைப்பர். நெல்லியடிப் பக்கத்து இளைஞர் சிலரிடம் அரப்பென்றால் யாதென வினவியபோது, தலைகழுவும் பொருளென்று ஒருவரும் கூறவில்லை. செத்தவீட்டில் வைப்பது என்றனர்.