ஒரே குருதி, இரண்டு விடை: கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் கணக்கின் வரலாறும் ஹேண்டல்ஸ்மனின் தீர்ப்பும்

ஆண்களின் குருதியில் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனைத் தேடுவதைக் கைவிடலாம் என்னும் பொருள்பட, 2017இல் 'எண்டோக்ரைன் ரிவியூஸ்' இதழில் சிட்னி ஆய்வாளர் டேவிட் ஹேண்டல்ஸ்மன் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய வாதத்துக்கு மூன்று கால்கள். புரதத்தோடு பிணையாத ஹார்மோன் மட்டுமே திசுக்களில் வேலை செய்கிறது என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படாத கருதுகோள். பிணையாத மூலக்கூறு திசுவுக்கு எளிதில் கிடைக்குமென்றால், அதைச் சிதைக்கும் கல்லீரலுக்கும் அவ்வளவே எளிதில் கிடைக்கும். ஆகவே அது செயலுக்கான அடையாளம் ஆகாது. கடைசியாக, ஆய்வகங்கள் தரும் எண் பெரும்பாலும் அளந்து பெற்றதன்று, சூத்திரத்தில் போட்டுப் பெற்றது. அந்தச் சூத்திரங்களோ ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

மூன்றாவது காலை இக்கட்டுரை முழுமையாக ஏற்கிறது. சூத்திரம் பழுது என்பதால் பொருளே இல்லை என்று அவர் தாவும் இடத்தில்தான் மாறுபடுகிறது. அதைக் காட்ட, சூத்திரத்தின் அடியில் கிடக்கும் இரண்டு மாறிலிகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் 1935இல் ஆம்ஸ்டர்டாமில் பிரித்தெடுக்கப்பட்ட கதை பலரும் அறிந்தது. அது குருதியில் தனியே மிதப்பதில்லை, எஸ்எச்பிஜி என்னும் புரதம் அதை இறுகப் பற்றுகிறது என்பது 1960களின் நடுவில் தெரியவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதை அறிவித்ததால், கண்டுபிடிப்புக்கு ஒற்றை ஆண்டு குறிப்பது சரியாகாது. எஞ்சியதில் பெரும்பகுதியை அல்புமின் தளர்வாகப் பிடித்துக்கொள்கிறது. எதனோடும் சேராமல் இருப்பது நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்குதான். இந்தச் சிறு பங்கை நேரடியாக அளக்கச் சமநிலை டயாலிசிஸ் உண்டு. ஆனால் அது நேரமும் திறமையும் கேட்கும் வேலை. எளிய வழியாகச் சந்தைக்கு வந்த 'அனலாக்' சோதனை, மொத்த டெஸ்டோஸ்டிரோனின் நிழலையே வேறு பெயரில் தருகிறது என்று 1998இல் வின்டர்ஸ் குழுவினர் காட்டினர். அது இன்னும் புழக்கத்தில் இருப்பதை வில்லியம் ரோஸ்னர் 2001இல் கடுமையாகக் கண்டித்தார். இந்த இரண்டுக்கும் நடுவில், 1999இல், பெல்ஜியத்தின் கென்ட் நகரிலிருந்து அலெக்ஸ் வெர்மியூலென் குழுவின் சூத்திரம் வந்தது. மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்எச்பிஜி, அல்புமின் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். மீதியைக் கணக்கு தரும்.

வெர்மியூலென் எஸ்எச்பிஜியின் பிணைப்பு மாறிலியை மோலுக்கு 1×10⁹ லிட்டர் என்றும், அல்புமினுடையதை 3.6×10⁴ என்றும் கொண்டார். அதாவது முன்னதன் பிடி பின்னதைவிட ஏறத்தாழ 28,000 மடங்கு வலிது. ஆனால் 1982இல் சோடெர்கார்ட் குழுவினர் அளந்து தந்தவை 5.97×10⁸, 4.06×10⁴. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் இரு பிரதிகள் இரு பாடம் தருவதைப் போன்றதே இது. பின்வந்தவர்கள் தத்தம் விருப்பப்படி ஒரு பாடத்தைக் கொண்டார்கள். எதைக் கொண்டோம் என்று எல்லாரும் சொல்லவில்லை.

இந்தப் பாடபேதத்தின் விலை என்ன? ஒருவருடைய மொத்த டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10.8 நானோமோல் (டெசிலிட்டருக்குச் சுமார் 311 நானோகிராம்), எஸ்எச்பிஜி 40 நானோமோல், அல்புமின் 43 கிராம், அல்புமினின் மூலக்கூறு எடை 69,000 என்று வைத்துக்கொண்டு இரண்டு வழியிலும் கணக்கிட்டேன். வெர்மியூலென் மாறிலிகள் தரும் கட்டற்ற அளவு சுமார் 189 பிகோமோல். சோடெர்கார்டின் மாறிலிகள் தருவது சுமார் 228. ஐரோப்பிய ஆண் முதுமை ஆய்வு 2010இல் வயதுவந்தபின் தோன்றும் குறைபாட்டுக்கு வகுத்த வரையறையோ, மூன்று பாலியல் அறிகுறிகளோடு மொத்தம் 11 நானோமோலுக்கும் கட்டற்றது 220 பிகோமோலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது. ஒரே குருதி, ஒரே காலை. அறிகுறிகள் மூன்றும் இருந்தால், ஒரு பாடத்தில் அவர் நோயாளி, மற்றதில் அல்லர்.

ஹேண்டல்ஸ்மன் இங்கே வெற்றி பெற்றதாகத் தோன்றலாம். ஆனால் அந்த 220 என்னும் எல்லையே வெர்மியூலென் சூத்திரத்தால் கணக்கிட்ட மதிப்புகளிலிருந்து பிறந்தது. அதை வேறு மாறிலிகளோடு ஒப்பிடுவது பயன்படுத்துவோரின் பிழை. கட்டற்ற ஹார்மோன் என்னும் கருத்தின் பிழையன்று. 2018இல் கென்ட் குழுவினரே நிறைநிறமாலை முறையோடு இணைந்த நேரடி டயாலிசிஸை உரைகல்லாக வைத்துச் சோதித்தபோது, வெர்மியூலென் கணக்கு சற்றுக் கூடுதலாகவும், எஸ்எச்பிஜியின் இரு பிணைப்பிடங்களும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று கொண்ட 2015ஆம் ஆண்டின் புதிய சூத்திரம் ஏறத்தாழ இரு மடங்காகவும் வந்தன. சூத்திரங்கள் பிழைக்கின்றன என்று சொல்லவே அவற்றுக்கு வெளியே அளக்கத்தக்க பொருள் ஒன்று இருந்தாக வேண்டும்.

அந்தப் பொருளுக்கு உடலில் வேலை உண்டா என்பது கடினமான கேள்வி. இதற்கு என் முதன்மைச் சான்று ஒரே ஒரு நோயாளி. 2014இல் நெதர்லாந்திலிருந்து பதிவான 29 வயது ஆணின் குருதியில் மரபணு மாற்றத்தால் எஸ்எச்பிஜி அறவே காணப்படவில்லை; மொத்த டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு, கட்டற்றது இயல்பு. மொத்த அளவே செயலின் அளவு என்றால், அவருடைய விரை வளர்ச்சியிலும் விந்தணு உற்பத்தியிலும் அந்தக் குறை தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இயல்பாகவே இருந்தன. இது மக்கள்தொகை ஆய்வுகளின் எந்தத் தொடர்பெண்ணைவிடவும் நேரான சோதனை. இயற்கையே ஒரு மாறியை நீக்கிவிட்டு மற்றதைக் காட்டியிருக்கிறது. அவர் மருத்துவரிடம் வந்ததே தசைத் தளர்ச்சியாலும் களைப்பாலும் என்பதை மறைக்க இயலாது. அவற்றுக்கு எஸ்எச்பிஜி இன்மை காரணமாகுமா என்பதை ஒரு நோயாளியை வைத்துத் தீர்க்க முடியாது. ஒரு நோயாளியின் மேல் ஒரு கொள்கையை நிறுத்துவது துணிச்சல்தான். ஆனால் ஹேண்டல்ஸ்மனின் இரண்டாம் கால், அதாவது கல்லீரல் வாதம், இந்த அளவுச் சான்றுகூட இல்லாமல் தருக்கத்தின் மேல் மட்டுமே நிற்கிறது.

எண்டோக்ரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டி நடுவழியில் செல்கிறது. காலையில் வெறும் வயிற்றில் மொத்த டெஸ்டோஸ்டிரோனை அளந்து, குறைவாக இருந்தால் மறுமுறையும் உறுதிசெய்ய வேண்டும். மொத்தம் கீழ் எல்லையை ஒட்டியிருந்தாலோ, எஸ்எச்பிஜியை மாற்றும் நிலை இருந்தாலோ மட்டும் கட்டற்றதைப் பார்க்க வேண்டும். உடல் பருமனும் நீரிழிவும் அந்தப் புரதத்தைக் குறைக்கும். முதுமை, கல்லீரல் இழைநார் வளர்ச்சி, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை கூட்டும். மொத்த அளவு நம்மை ஏமாற்றும் இடங்களும் இவையே என்பதால், ஹேண்டல்ஸ்மன் கைவிடச் சொல்லும் எண்ணின் தேவை மிகுவதும் இங்கேதான்.

1999ஆம் ஆண்டின் மாறிலிகளா, 1982ஆம் ஆண்டினவா, எவை உடலுக்குள் உள்ள உண்மைக்கு நெருங்கியவை என்ற வழக்கை இக்கட்டுரை தீர்க்கவில்லை. 2018ஆம் ஆண்டின் ஒப்பீடு முன்னவற்றின் பக்கம் சாய்கிறது என்பதற்கு மேல் சொல்லத் துணியவில்லை. அந்த வழக்கு தீரும்வரை, கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் என்று அச்சிடும் ஒவ்வொரு அறிக்கையும் அதை எப்படிப் பெற்றது, எந்த மாறிலிகளால் பெற்றது என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும். அது இல்லாத எண்ணை 220 உடன் ஒப்பிட்டு ஒருவருக்கு ஆயுள் முழுதும் சிகிச்சை தொடங்குவதற்கு ஆதாரம் இல்லை.