துறைமுக நகரும் தாதியர் பணியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசாத கடலோடிகள் இல்லை. குன்றுகள் சூழ்ந்து காக்க, ஆழ்ந்த நீர் அமைதியாய்த் தங்க, பருவக்காற்றின் சீற்றம் உட்புகாத வகையில் இயற்கை அதனை அமைத்திருக்கிறது. அதனைக் கைப்பற்றுவதற்காக ஐரோப்பிய வல்லரசுகள் பலமுறை போர் புரிந்தன. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் மலையிலே கோட்டை கட்டினர். 1639இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1782ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதனைப் பிடித்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரெஞ்சுக்காரர் அவர்களிடமிருந்து பறித்தனர். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். 1957இல் இலங்கையிடம் கையளிக்கும்வரை அது அவர்களின் கடற்படைத் தளமாயிருந்தது.

இவையெல்லாம் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும் செய்திகள். இதே துறைமுகத்தில் வேறொரு போரும் நிகழ்ந்து வந்தது. அதற்குப் பீரங்கியும் இல்லை, கொடியும் இல்லை. கோட்டை மதில் எத்துணை உயர்ந்ததாயினும் அந்தப் பகைவனைத் தடுக்க இயலவில்லை. அவனே நோய். காய்ச்சலும் வயிற்றளைச்சலும் வாந்திபேதியும் காவற்படையினரை எதிரியின் குண்டுகளைக் காட்டிலும் மிகுதியாக வருத்தின. நகரின் பழைய இடுகாட்டிலே சார்ள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதியின் கல்லறை உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியாகிய அவர், 1852ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பர்மாவிலே போர்ப்பணியில் இருந்தபோது வாந்திபேதியால் மாண்டார். பெருங் கப்பற்படைக்குத் தலைமை தாங்கியவரை வீழ்த்தியது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி.

படைவீரர் எத்தனை பேர் போரில் மடிகின்றனர், எத்தனை பேர் நோயால் மடிகின்றனர் என எண்ணிப் பார்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் வலுப்பெற்றது. இலங்கையில் நெடுங்காலம் இராணுவ வைத்தியராய் இருந்த ஹென்றி மார்ஷல் என்பவரும் அலெக்சாண்டர் ரலொக் என்னும் அதிகாரியும் இம்முயற்சியில் முன்னின்றோர். இந்த ரலொக் 1855இல் கிரிமியப் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே படையினருக்கு உணவும் உடையும் சென்றடையாத அவலத்தை விசாரிப்பது அவருடைய வேலை. அதே காலத்தில் அப்போரின் காயக்காரர்கள் கிடந்த ஸ்கூற்றாரி ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணி இரவும் பகலும் உழைத்துக்கொண்டிருந்தார். அவரே புளோரன்ஸ் நைற்றிங்கேல்.

கைவிளக்கேந்திய காரிகை என உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் அவருடைய பெருமை விளக்கோடு முடிவதன்று. 1855ஆம் ஆண்டு மார்ச் மாதம் சுகாதார விசாரணைக் குழுவொன்று ஸ்கூற்றாரிக்கு வந்தது. அது கழிவு வாய்க்கால்களைச் சுத்திகரித்தது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. சில மாதங்களுள் மரண விகிதம் பன்மடங்கு குறைந்தது. நாடு திரும்பிய நைற்றிங்கேல் அக்கணக்குகளை ஆராய்ந்து ஓர் உண்மையை உணர்ந்தார். நோயாளியைப் பேணுவது தாதியின் கடமையில் ஒரு பாதி மாத்திரமே; மனிதன் நோயாளியாகாமற் காப்பது மறுபாதி.

1859இல் அவர் எழுதி வெளியிட்ட தாதிமை பற்றிய சிறுநூல் இவ்வுண்மையை விளக்குகிறது. ஆஸ்பத்திரித் தாதியருக்கு மாத்திரம் அவர் அதனை எழுதவில்லை. வீட்டிலே குழந்தையையும் முதியோரையும் பேணும் ஒவ்வொரு பெண்ணுக்குமாக எழுதினார். தூய காற்று, தூய நீர், செவ்வையான வடிகால், துப்புரவு, வெளிச்சம் என்னும் ஐந்தும் ஒரு வீட்டுக்கு இன்றியமையாதன என்பது அவர் கொள்கை. நோயைக் குணமாக்குவது இயற்கையே. இயற்கை தன் வேலையைச் செய்வதற்கு ஏற்ற சூழலை அமைத்துக் கொடுப்பவளே தாதி. தாதிமைக் கோட்பாடுகளுள் முதன்மையானதாக இன்றும் கற்பிக்கப்படுவது இதுவே.

இக்கோட்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. நாற்றமுள்ள காற்றே நோயைக் கொணர்கிறது என்று நைற்றிங்கேல் நெடுங்காலம் நம்பியிருந்தார். அக்கால வைத்தியர் பலரின் நம்பிக்கையும் அதுவே. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதாகும். கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிலிருந்து எழும் ஆவியே காய்ச்சலுக்கு மூலம் என ஆங்கில வைத்தியரும் எண்ணினர். காரணம் பிழையாயினும், அதனாற் செய்த கருமம் பெரும்பாலும் நன்மையே தந்தது. வடிகால் வெட்டினால் வாந்திபேதி குறைந்தது. ஆனால் நுளம்பு அந்த உபாயத்துக்கு முழுவதும் அடங்கவில்லை.

மலேரியாவை நுளம்பே பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ரொஸ் 1897இல் செக்கந்தராபாத்திலே கண்டார். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கியமான நுளம்பினம் நாற்றமடிக்கும் சாக்கடையை நாடுவதில்லை. ஆறு வற்றும்போது மணற்படுகையில் தேங்கும் தெளிந்த நீர்க்குட்டைகளே அதற்கு விருப்பமான இடம். பார்வைக்குத் தூய்மையாய்த் தோன்றும் நீரே இங்கு ஆபத்தாயிற்று. கண்ணும் மூக்கும் தரும் எச்சரிக்கை போதாது, அறிவு வேண்டும். அந்த அறிவை வீடுதோறும் கொண்டு செல்வோர் வேண்டும். தாதியின் பணி ஆஸ்பத்திரி வாயிலைத் தாண்டவேண்டிய அவசியம் இவ்வாறு உண்டாயிற்று.

இதன் முன்னறிகுறியை நைற்றிங்கேலே காட்டியிருந்தார். 1892இல் இங்கிலாந்தின் பக்கிங்காம்சயர் மாகாணத்தில், கிராமத்துத் தாய்மாரின் வீடுகளுக்குச் சென்று சுகாதாரம் போதிக்கும் பெண்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்துக்கு அவர் துணை நின்றார். இலங்கையிலோ 1879இல் கொழும்பிலே டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டிருந்தது. அதற்கும் முன்னரே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் வைத்தியக் கல்வியைத் தமிழ்மொழியிலே புகட்டத் தொடங்கியிருந்தார். பிரசவ வைத்தியம் பற்றிய அவருடைய தமிழ்நூல் 1857இல் வெளிவந்தது. மக்களின் மொழியிலே சொல்லாத சுகாதாரம் மக்களின் வீட்டுக்குள் நுழையாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இலங்கைச் சுகாதார வரலாற்றில் 1926ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டிலே றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரத் தாதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவ மாது ஆகியோர் ஒரு குழுவாக இயங்கி, குறித்த பிரதேசத்து மக்கள் அனைவரின் சுகநலத்துக்கும் பொறுப்பேற்றனர். நோயாளி வரும்வரை காத்திராது, நோயற்றோரையே தேடிச் செல்வது இதன் அடிப்படை. கர்ப்பிணியை அவள் வீட்டிலே கண்டு பேசுவது, பிறந்த குழந்தையை நிறுத்துப் பார்ப்பது, கிணற்றைச் சோதிப்பது, மலசலகூடம் அமைக்கத் தூண்டுவது என்பன அன்றாட வேலைகள். பின்னர் இம்முறை நாடு முழுவதும் பரவியது.

அது பரவி முடியுமுன் பேரிடி விழுந்தது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றின, நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் பிற்பகுதியிலும் 1935இன் முற்பகுதியிலும் மலேரியாவால் இலங்கையில் 80,000 பேர் அளவில் மாண்டனர். திருகோணமலை போன்ற வரண்ட பிரதேசங்களில் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. அங்குள்ளோரின் உடல் அதனை ஓரளவு தாங்கப் பழகியிருந்தது. பழக்கமில்லாத கேகாலை, குருநாகல் பகுதிகளே மிகுந்த அழிவைக் கண்டன. ஆயினும் பழகிய நோய் இரங்கும் நோயன்று. மண்ணீரல் வீங்கிய குழந்தைகளும் இரத்தம் குன்றிய தாய்மாரும் வன்னியிலும் கிழக்கிலும் அதற்குச் சாட்சி பகர்ந்தனர்.

இரண்டாம் உலகப் போர் திருகோணமலையை மீண்டும் உலகின் கண்முன் நிறுத்தியது. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அன்றே ஹேர்மஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. வீற்றா என்னும் ஆஸ்பத்திரிக் கப்பல் விரைந்து சென்று உயிர்தப்பியோர் நூற்றுக்கணக்கானோரைக் கரைசேர்த்தது. இத்தகைய வேளையில் தாதியின் சேவையை எவரும் காண்பர், எவரும் போற்றுவர். நேராத துன்பத்தைத் தடுத்தவளின் சேவையோ எவர் கண்ணிலும் படுவதில்லை.

போருக்குப் பின் தாதிமை தன்னைத்தானே ஆராயத் தொடங்கியது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹில்டகாட் பெப்லோ 1952இல் வெளியிட்ட நூலில், தாதிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே தாதிமையின் உயிர்நாடி என்றார். தாதி முதலில் அந்நியராய் வருகிறாள்; பின்னர் ஆசிரியையாயும் ஆலோசகராயும் மாறுகிறாள். நோயாளி வலிமையும் அறிவும் பெற்றிருப்பின் தானே செய்துகொள்ளக்கூடியதை அவனுக்காகச் செய்து, அவன் விரைவிலே தன் காலில் நிற்க உதவுபவளே தாதி என்பது வேர்ஜீனியா ஹென்டர்சனின் கருத்து. டொரொத்தியா ஒறெம் தன்னைத்தான் பேணும் ஆற்றலை வளர்ப்பதே தாதிமையின் நோக்கம் என வகுத்தார். மூவர் கருத்தும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. தாதியின் வெற்றி, தன் துணை இனித் தேவையில்லை என்னும் நிலையை உண்டாக்குவதிலேயே உள்ளது.

இந்நூல்களை ஒருபோதும் கண்டிராத இலங்கை மருத்துவ மாது இக்கருத்துக்களைத் தன் நடையினாலேயே நிலைநாட்டினாள். தாதியும் மருத்துவ மாதும் வெவ்வேறு பதவியினராயினும் இருவர் பணிக்கும் அடிப்படை ஒன்றே. மூதூரிலோ குச்சவெளியிலோ ஒரு வீட்டுப் படலையைத் திறந்து செல்லும் மருத்துவ மாது முதல் நாளில் அந்நியள். மாமியாருக்கு அவள்மீது ஐயம், மருமகளுக்குக் கூச்சம். பலமுறை சென்று, சுகம் விசாரித்து, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிய பின்னரே அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பு உண்டாகும். இவ்வாறு தேடிய நம்பிக்கை நாட்டின் கணக்கிலும் தெரிந்தது. 1930களில் இலங்கையில் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2010களில் அத்தொகை 40க்குக் கீழே இறங்கியிருந்தது. புதிய மருந்துகளுக்கும், இலவச வைத்தியத்துக்கும், பெண்கல்விக்கும் இதிற் பங்குண்டு. ஆயினும் ஆபத்தை வேளையோடு கண்டு, தாயை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் வீட்டு வாயிலுக்கு வந்த மருத்துவ மாதே.

வெற்றியே பகையாவதும் உண்டு. 1945 முதல் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டதால் மலேரியா வேகமாகக் குறைந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. நோய் ஒழிந்தது எனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. மழை குறைந்த ஆண்டுகள் வந்தன. 1960களின் இறுதியில் ஓராண்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தனர். போர்க்காலத்தில், 1999இலும், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது பீடித்தது. வடக்கும் கிழக்கும் பெரிதும் வருந்தின. அந்தப் பாடத்தை மறவாது, காய்ச்சற்காரர் ஒவ்வொருவரையும் தேடிச் சோதித்த பின்னரே உண்மையான வெற்றி கிட்டியது. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளி 2012இற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

இதற்கிடையே உலகச் சிந்தனையும் விரிந்தது. 1978இல் அல்மா ஆட்டா மாநாடு, ஆரம்ப சுகாதார சேவையே எல்லோருக்கும் சுகவாழ்வு தரும் வழி எனப் பறைசாற்றியது. 1986இல் ஒட்டாவா சாசனம், தம் சுகநலத்தைத் தாமே ஆளும் வல்லமையை மக்களுக்கு அளிப்பதே சுகாதார மேம்பாடு என வரையறுத்தது. மடலீன் லைனிஞ்சர் என்னும் தாதிமை அறிஞர், மக்களின் பண்பாட்டை அறியாத பராமரிப்புப் பயன் தராது என வற்புறுத்தினார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் திருகோணமலைக்கு இக்கருத்து மிகப் பொருந்தும். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய பத்தியமும் தீட்டும் விரதமும் நோன்பும் வீட்டுக்கு வீடு வேறுபடும். அவற்றை இகழ்ந்து பேசுபவளுக்குக் கதவு திறவாது. தீங்கற்றதை மதித்து, தீங்குள்ளதை மாத்திரம் மெல்லத் திருத்துபவளே வெல்வாள்.

1982இல் நோலா பென்டர் என்பார் வெளியிட்ட சுகாதார மேம்பாட்டுக் கோட்பாடு இன்னும் ஒருபடி சென்றது. ஒருவர் நல்ல பழக்கத்தை மேற்கொள்வது அச்சத்தால் மாத்திரமன்று என்றார் அவர். அதனால் வரும் நன்மை தெளிவாய்த் தெரியவேண்டும். குறுக்கே நிற்கும் தடை நீங்கவேண்டும். தன்னாற் செய்ய முடியும் என்னும் துணிவு பிறக்கவேண்டும். சுற்றத்தாரும் துணை நிற்கவேண்டும்.

இதன் உண்மையை 2017ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டில் இலங்கை முழுவதிலும் 1,86,101 பேருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டின் தொடக்கத்திலே மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட ஊர்களுள் கிண்ணியாவும் ஒன்று. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை புகுந்து ஆஸ்பத்திரியையே சிதைத்த ஊர் அது. இம்முறை வந்த பகை பேரலை அன்று. வீட்டுப் பீப்பாயிலும் டயரிலும் சிரட்டையிலும் தேங்கிய நீரிற் பிறந்த நுளம்பு. டெங்கு நுளம்பும் தெளிந்த நீரையே விரும்புவது. குழாய்நீர் நாள் முழுதும் வராத வீட்டில் நீரைச் சேமியாதிருக்கச் சொல்வது வீண்பேச்சு. பீப்பாயை இறுக மூடவும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவும் கற்பிப்பதே கைகூடும் உபாயம். தண்டப்பணம் ஒருநாளைக்கு வளவைத் துப்புரவாக்கும். ஆண்டு முழுதும் துப்புரவாய் வைத்திருப்பது வீட்டாரின் மனம். அந்த மனத்தை ஆக்குவது தாதியும் மருத்துவ மாதும் பரிசோதகரும் ஓயாது செய்யும் வேலை.

தாதியர் தொகை வேண்டிய அளவு இல்லாத இடத்தில், நோயாளர் விடுதிக்கே முதலிடம் கிடைப்பது இயல்பு. முனகும் நோயாளி கண்முன் கிடக்கிறான்; நாளை நோயாளியாகக்கூடியவனோ எங்கோ வலை பின்னிக்கொண்டிருக்கிறான். எனினும் 17 என்னும் எண்ணின் கதை, வீட்டு வாயிலை மறந்தால் விடுதிக் கட்டில்கள் போதாமற் போகும் என்பதைக் காட்டியிருக்கிறது. கோணேசர் மலையிலே கோட்டை கட்டிய வல்லரசுகள் யாவும் சென்றுவிட்டன. மாரிமழை ஓய்ந்த காலையில், கையிலே குறிப்புப் புத்தகத்துடன் ஒரு வளவின் படலையைத் தட்டும் பெண்ணின் காவல் இன்னும் தொடர்கிறது. அவள் கவிழ்த்துவிட்டுச் செல்லும் ஒரு சிரட்டை நீரினால் எத்தனை பேர் தப்பினர் என்பதை எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை. அவளுக்குக் கதவைத் திறந்துவிடும் வீட்டார்தாம் அந்தக் கணக்கை அறிந்திருக்கவேண்டும்.