மாணாக்கர் வலைத்தளங்களும் வகுப்பறையும்

கற்பித்தற்குப் பொறியைத் துணைக்கொள்ளும் முயற்சி நேற்று இன்று தோன்றியதன்று. 1960ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் இல்லினோய்ப் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிற்சர் என்பார் 'பிளேற்றோ' எனப்பட்ட கணினி முறையை அமைத்தார். கிரேக்க ஞானியின் பெயர் தாங்கிய அம்முறை பாடத்தைத் திரையிற் காட்டி, வினா விடுத்து, விடையின் சரி பிழையை உடனே அறிவித்தது. பாடத்துக்கென அமைந்த அக்கருவியிலே 1973 அளவில் மாணாக்கர் தம்முள் உரையாடவும் விளையாடவும் தலைப்பட்டனர். கருவி மாறினும் இளைஞரியல்பு மாறாது போலும்!

பிளேற்றோவில் மாணாக்கன் வினாவுக்கு விடையளிப்பவனாகவே நின்றான். அவனே ஆசிரியனாகி எழுதும் வாய்ப்பு, 1993 ஏப்பிரல் 30இல் உலகளாவிய வலையின் நுட்பத்தை ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் யாவர்க்கும் கட்டணமின்றி அளித்த பின்னரே வந்தது. அவ்வாய்ப்பினைப் பள்ளிகட்குக் கொண்டு சென்றவற்றுள் ஒன்று, 1996இல் அமெரிக்காவிலே தொடங்கிய 'திங்க்குவெஸ்ற்' என்னும் போட்டி. மாணாக்கர் குழுவாகக் கூடி, பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே, ஒரு பொருளை ஆராய்ந்து, ஏனைய மாணாக்கர் கற்றற்குரிய வலைத்தளமொன்றை ஆக்குவர். ஆசிரியர் வழிகாட்டுவார்; எழுதித் தரார். அவ்வாறு எழுந்த தளங்கள் 7000க்கு மேற்பட்டு ஒரு நூலகமாகத் திரண்டன.

இதன் பயன் யாது? ஆசிரியர் ஒருவரே படித்துப் புள்ளியிடும் கட்டுரைக்கும், முன்பின் அறியாதார் படிக்கும் கட்டுரைக்கும் வேறுபாடுண்டு. பின்னையதை எழுதுவோன் தனக்கு விளங்காததை மறைத்தெழுத அஞ்சுவான். குறைகளுமுண்டு. பொருளைத் தேடுதலினும் வண்ணமும் அசைபடமும் சேர்த்தலிற் காலங் கழிந்தது; பிறர் எழுதியதைப் பெயர்த்து ஒட்டுதலும் எளிதாயிற்று. ஆயினும் இவை விழிப்புள்ள ஆசிரியராற் களையத்தக்கன. பாட்டன் காலத்துக் கட்டுரைப் பயிற்சிக் கொப்பியிலும் பெயர்த்தெழுதல் இருந்ததன்றோ?

களைதற்கரிய குறை வேறொன்று. 2002இல் அப்போட்டியை ஒரக்கிள் நிறுவனத்தின் கல்வி அறநிலையம் பொறுப்பேற்றது. 2013 யூலை 1இல் திட்டமும் நூலகமும் ஒருங்கே மூடப்பட்டன. பல நாட்டுச் சிறார் இரவு பகலாக ஆக்கியவை தம் முகவரியில் இல்லாதொழிந்தன. 1996 முதலாக வலைப்பக்கங்களைப் படியெடுத்துவரும் இணைய ஆவணகத்திலே சில எஞ்சின. அவற்றுள்ளும் 'பிளாஷ்' நுட்பத்தால் இயன்ற அசைபடங்கள், 2020 இறுதியில் அந்நுட்பத்துக்கான ஆதரவு நின்றபின் பொது உலாவிகளில் இயங்கா. ஆக்கியோன் மாணாக்கன், இடத்துக்குரியோன் பிறன். இவ்வுண்மையை வகுப்பறையில் எவரும் அன்று எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் நம் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி வழியே பாடம் நடந்ததை யாவரும் அறிவர். கருவியில்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கியதும் அறிவர். ஆதலின் அதனை இங்கு விரித்திலம்.

நம் பாடசாலை ஆண்டுமலர்களை இவற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். அச்சேறியன யாவும் நிலைபெறுமென்பதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டமையை நாம் மறவோம். எனினும் மலரொன்றின் பிரதிகள் ஒரே இடத்தில் அடங்காது பல வீடுகளிற் பரந்து கிடந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அத்தகைய மலர்கள் பலவற்றைத் தேடிப் படியெடுத்து இணையத்திலேற்றியுள்ளது. பல்லாண்டுகட்கு முன் மாணவனொருவன் எழுதிய கட்டுரையை அவன் பேரன் அங்கே படிக்கலாம். 2010இல் வலைத்தளம் ஆக்கிய மாணவன் தன் ஆக்கத்தைத் தானே காணல் அரிது.

எனவே மாணாக்கர் வலைத்தளத்தை வகுப்பறையினின்று விலக்குக என்று யாம் கூறவில்லை. தளம் ஆக்கும் வகுப்பு, அதன் எழுத்துப் பகுதியை ஆண்டிறுதியிலே தாளிற் பதித்து, குழுவிலுள்ளார் ஒவ்வொருவர்க்கும் ஒரு பிரதியும் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதியும் அளித்தல் வேண்டும். அதற்காகுஞ் செலவு சில கட்டுத் தாளும் சிறிது மையுமேயாம்.